சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை, நம் பள்ளியின் பின்புறம் வைத்திருக்கும் இரண்டு மரப்பெட்டிகளிலும் மண் நிரப்பிக் கீரையும் வெண்டையும் நடப்போகிறோம். வகுப்பு வழக்கம்போல் தொடங்கும். இடைவேளைக்குப் பிறகு எல்லா வகுப்புகளும் வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பழைய சட்டை, விரல் மூடிய காலணி, கை துடைக்க ஒரு துண்டு இருந்தால் போதும். வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினால் அது வெள்ளையாகத் திரும்பி வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தோட்டம் எதற்கு என்று ஓரிருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பாடப்புத்தகத்தில் தளிர், மொட்டு, காம்பு எல்லாம் படமாக இருக்கின்றன. கையில் ஒரு பொருள் இருந்தால் பிள்ளைகளுக்குப் பேச்சு தானாக வருகிறது. சிங்கப்பூரில் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதால், செடியில் தொங்கும் வெண்டைக்காயை நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை. இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

தோட்டம் என்றதும் எல்லாருக்கும் செடி நடுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் வேலையில் முக்கால் பங்கு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெட்டியை எங்கே வைக்கிறோம், தண்ணீர் எப்படி வெளியேறும், உள்ளே என்ன மண் என்ற மூன்றும் சரியாக இருந்தால் கீரை தானே வளர்ந்துகொள்ளும். மூன்றில் ஒன்று கோணலானால் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடினாலும் வராது. வீட்டிலும் பெட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெயில். நம் பின்பக்கச் சுவர் வடக்குப் பார்த்தது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிகவும் பக்கத்தில், ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். அதனால் மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கு வானத்தில் போகிறது, மீதி ஆறு மாதம் தெற்கில். இப்போது ஜூலையில் நம் பெட்டிகளுக்கு நல்ல வெயில் கிடைக்கும். அக்டோபர் வந்தால் நம் அடுக்குமாடிப் புளோக்கின் நிழல் முழுக்க அவற்றின் மேல் விழும். அதனால்தான் வெயில் கேட்கும் வெண்டையை இந்தப் பருவத்திலேயே போடுகிறோம். அக்டோபருக்குப் பிறகு அதே மண்ணில் பாண்டான் இலை, இஞ்சி, புதினா என்று நிழலைப் பொறுத்துக்கொள்பவைதான். உங்கள் வீட்டுத் தாழ்வாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டுச் செடி வாங்குங்கள். "போன வருஷம் நன்றாக வந்த இடம், இப்போது வரமாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் மாதம்தான் மாறியிருக்கும், மண் அல்ல.

அடுத்து பெட்டி. இரண்டையும் செய்து தந்தவர் நம் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாத்தா. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரக்கு வரும் மரப்பலகைச் சட்டங்களைப் பிரித்துச் செய்திருக்கிறார். அந்தச் சட்டங்களில் ஒரு முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் 'HT' என்று இருந்தால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்கியிருக்கிறார்கள், பயன்படுத்தலாம். 'MB' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, சாப்பிடும் செடிக்கு வேண்டாம். தாத்தா ஒவ்வொரு பலகையையும் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்து, முத்திரை தெரியாதவற்றை ஒதுக்கி வைத்துவிட்டார். ஒதுக்கியவை இன்னும் என் அறை மூலையில்தான் கிடக்கின்றன. அலமாரி செய்ய யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பெட்டியும் 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம். சுவரை ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நிற்கலாம். முதல் வகுப்புப் பிள்ளையின் கை நடுவரை எட்டும். அடியில் சுண்டுவிரல் அளவுக்குத் துளைகள், நான்கு மூலையிலும் செங்கல். செங்கல் வைத்ததால் அடியில் காற்று போகும், மரம் சீக்கிரம் உளுக்காது, தண்ணீர் தேங்குகிறதா என்று குனிந்து பார்க்கவும் முடியும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தை விடச் சொல்லியாக வேண்டும். அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஓர் அடுக்குப் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறோம். உண்மையில் மேலே உள்ள மண் முழுக்க ஊறும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கவே இறங்காது. ஈரம் ஜல்லிக்கு மேலேயே நின்றுவிடும், வேருக்கு இருக்கும் இடமும் குறையும். துளையை மறைக்கப் பழைய கொசுவலைத் துண்டு போதும். கல்லைக் கொண்டுவர வேண்டாம்.

மண் எடுக்கக் கீழே புல்வெளியில் தோண்டுவதும் வேண்டாம். அது நம் நிலமும் இல்லை. போதாததற்கு அது களிமண், பெட்டிக்குள் நாலு மழை பட்டதும் இறுகிவிடும். நாம் கடையில் வாங்கிய தொட்டி மண் பாதி, தென்னைநார்த் தூள் கால் பங்கு, மட்கிய உரம் கால் பங்கு என்று கலக்கப்போகிறோம். 30 சென்டிமீட்டர் உயரம் நிரப்ப ஒரு பெட்டிக்கு 216 லிட்டர் வேண்டும். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும் என்பதால் 50 லிட்டர் மூட்டை ஐந்து என்று கணக்கு. நனைந்த பிறகு ஒரு பெட்டி 200 கிலோவைத் தாண்டும். அதனால் "கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினால் அழகாக இருக்குமே" என்ற யோசனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது தென்னைநார்க் கட்டிதான். 5 கிலோ கட்டி ஒன்றைப் பெரிய தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், முதலில் ஓரங்கள் மட்டும் உதிரும், அப்புறம் இட்லி மாவு பொங்குவதுபோல் விளிம்புவரை எழும்பி 60 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். முதல் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும், தென்னைநாரில் உப்பு இருக்கும். இந்தப் பிழியும் வேலை முழுக்க முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். துண்டு கேட்டதன் காரணம் இதுதான்.

கோழி எரு கொண்டுவருகிறேன் என்று சொன்ன அன்பருக்கு நன்றி, ஆனால் வேண்டாம். மேல்மாடிகளில் மூங்கில் கழியில் துணி காயப்போடுகிறார்கள். வாடை அவர்கள் வீட்டுக்குள் போனால் அடுத்த வாரம் பெட்டியே இருக்காது. டீத்தூளும் அப்படித்தான். சர்க்கரை கலந்த டீ வடிகட்டிய தூளைப் போட்டால் எறும்பு குடும்பத்தோடு வந்துவிடும். சோறு, சாம்பார் மிச்சம் எதையும் மண்ணில் புதைக்க வேண்டாம், எலி வரும். அரிசி கழுவிய தண்ணீர் பரவாயில்லை, அன்றையதை அன்றே ஊற்றினால்.

சரி, செடிகள். ஒரு பெட்டி முழுக்கக் கீரை: தண்டுக்கீரையை விதையாகத் தூவுவோம், கங்கோங் எனும் வள்ளைக்கீரையைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே நடுவோம். கங்கோங் தண்டைக் கணு இருக்கும்படி வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் விடும். உங்கள் வீட்டில் இந்த வாரம் கங்கோங் சமைத்தால் அடித்தண்டைத் தூக்கிப் போடாமல் ஒரு குவளையில் வைத்து, சனிக்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். இரண்டு கீரையும் நாலைந்து வாரத்தில் கைக்கு வரும், அதாவது ஆகஸ்ட் 9 தேசிய தினத்தை ஒட்டி முதல் அறுவடை.

இன்னொரு பெட்டியில் வெண்டை. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மூலைகளையும் ஓரங்களையும் கழித்தால் ஆறு செடிக்குத்தான் இடம். பிள்ளைக்கு ஒரு செடி என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, மன்னிக்கவும். குழுவாகத்தான் வளர்ப்பார்கள். விதையை முதல்நாள் இரவே ஊறவைத்து, குழிக்கு மூன்றாகப் போடுவோம். மூன்றும் முளைத்தால் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மண்மட்டத்தில் கத்தரித்துவிட வேண்டும். அன்று சில பிள்ளைகள் வீட்டுக்கு முகம் வாடி வரலாம். "ஏன் ஆசிரியர் வெட்டினார்?" என்று கேட்டால் சமாதானம் சொல்வதைவிட, ஒரே குழியில் மூன்றும் இருந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

கொத்தமல்லி, ரோஜா, பெரிய தக்காளி எதையும் இந்தப் பெட்டிகளுக்காக வாங்கி வராதீர்கள். கொத்தமல்லி நம் வெக்கைக்கு இலை விடுவதற்குள் பூத்துவிடும். பெரிய தக்காளிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். நமக்கு இரவும் 25 பாகையை ஒட்டியே இருப்பதால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். வீட்டில் சன்னலோரம் ஏதாவது போட ஆசையென்றால் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தையே ஒரு கைப்பிடி தட்டில் தூவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பருப்போடு சேர்த்துச் சமைக்கலாம்.

கறிவேப்பிலைக்குத் தனித் தொட்டி வைத்திருக்கிறோம். அது மரமாகப் போகும் செடி, பெட்டிக்குள் விட்டால் மற்றவற்றுக்கு இடம் விடாது. அதன் இலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். சில நாளில் பச்சையாக மாறும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி வாடை விடும். கொஞ்சம் இலை போனால் போகட்டும். அதற்காக மருந்து அடிக்க நான் அனுமதி தரமாட்டேன்.

இப்போது கண்டிப்பான பகுதி. கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம்தான். வாரம் ஒருமுறை மட்டும் திறக்கும் பள்ளிக்கு இது சரியாக ஆபத்தான கணக்கு. அதனால் நம் பெட்டிக்கும் தொட்டிக்கும் கீழே வடியும் நீரைப் பிடிக்கும் தட்டு கிடையாது. நீர் ஊற்றும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மேல்மண் இறுகிக் குழியானால் கிளறிவிட வேண்டும், அதில் நிற்கும் தண்ணீரிலும் கொசு வரும். வீட்டில் வைப்பவர்கள் இன்னும் ஒன்று பாருங்கள்: தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கவே கூடாது.

கையுறை பள்ளி தரும். மண்ணில் இருக்கும் ஒரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் இங்கே அரிதாக வருவதுண்டு, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். உதவ வரும் தாத்தா பாட்டிகள் வெறுங்கையால் மண்ணை அள்ளாதீர்கள். காலில் கையில் புண் இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அன்று நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளை வேலை வாங்குங்கள். அதற்கும் ஆள் தேவைதான்.

உதவ வரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலிருந்து கரண்டியை வாங்காதீர்கள். விதை ஆழமாகப் போய்விட்டால் போகட்டும், வரிசை கோணினால் கோணட்டும். பின்னால் ஒரு செடி பட்டுப்போனால், ராத்திரியோடு ராத்திரியாக வேறொன்றை வாங்கி அதே இடத்தில் வைக்கவும் வேண்டாம். ஏன் பட்டது என்று அவர்கள் மண்ணைத் தோண்டிப் பார்க்கட்டும்.

கடைசியாக, எனக்கு உண்மையில் ஆள் வேண்டிய இடம். வெண்டைப் பூ காலையில் மஞ்சளாக விரியும், மாலைக்குள் வாடிவிடும். அதிலிருந்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், விட்டால் நார் பாய்ந்துவிடும். சனிக்கிழமை மட்டும் வந்து பறித்தால் பாதி முற்றல்தான் கிடைக்கும். அதோடு இந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் சுமத்ராக் காற்று வீசி அடிக்கும், கோலில் கட்டியிருக்கும் செடி சாய்ந்திருக்கிறதா என்று மறுநாள் யாராவது பார்க்க வேண்டும். ஆகவே பக்கத்துப் புளோக்குகளில் இருக்கும் குடும்பங்கள் வார நாளில் ஒருநாள் காலை அல்லது மாலை எடுத்துக்கொள்ள முடியுமா? விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கி, ஈரமாக இருந்தால் தண்ணீர் விடாமல் திரும்பிப் போய்விடலாம், கால்மணி நேர வேலை. அன்று பறிக்கும் காய் பறித்தவர் வீட்டுக்கே.

செப்டம்பர் விடுமுறை வாரத்துக்கும் சேர்த்து அட்டவணை போடுகிறேன். எந்த நாள் முடியும் என்று வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியருக்குச் செய்தி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வேண்டாம், அது தாத்தாவின் நாள், விட்டுத்தரமாட்டாராம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்