கட்டடம் முடிந்த பிறகு பழகுநர் எங்கே போவார்?

அமெரிக்க நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் கட்டடத் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நகரத்தின் பணத்தில் எழும்பும் கட்டடங்களுக்குத் தொழிலாளர் ஒப்பந்தம் எழுத நீங்கள் கூடும்போதெல்லாம், வேலையில் இத்தனை விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு எண் அறிவிக்கப்படுகிறது. கைகுலுக்கல், புகைப்படம், அப்புறம் அவரவர் வழி. அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தொழில் பழகுநர், அதாவது சம்பளத்தோடு வேலை பார்த்தபடியே தொழில் கற்பவர், ஆவதற்கான தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எலக்ட்ரீசியன் தேர்வில் இயற்கணிதம் உண்டு. பள்ளியை விட்டுப் பத்து வருடமான ஒருவர் மல்லுக்கட்டித் தேறினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கட்டடம் முடிஞ்ச பிறகு?"

கணக்கைப் பாருங்கள். ஒரு வருடப் பயிற்சி என்றால் சுமார் 2,000 மணி நேர வேலை. எலக்ட்ரீசியனாகத் தேற 8,000 மணி நேரம், அதாவது நான்கைந்து வருடம். நீங்கள் கட்டுவது ஒன்றரை வருடத்தில் திறப்பு விழா காண்கிற நூலகம். விழுக்காடு நிறைவேறிவிட்டது, ரிப்பனும் வெட்டியாகிவிட்டது. முதல் வருடச் சம்பளம் முழுத் தொழிலாளியுடையதில் பாதியளவுதான். அதைத் தாண்டி ஏறும் நேரத்தில் பழகுநர் அடுத்த வேலைக்காகச் சங்கத்தின் காத்திருப்போர் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் ஒரு சூதும் உண்டு. கான்ட்ராக்டர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் உள்ளூர் ஆட்களைத் தனியார் சைட்டிலிருந்து நகரத்தின் சைட்டுக்கு மாற்றுவார், வெளியூர்க்காரர்களை அந்தத் தனியார் சைட்டுக்கு அனுப்புவார். சதுரங்கக் காய் நகர்த்தல். உங்கள் அறிக்கையில் எண் ஏறும்; புதிதாக ஒருவருக்குக்கூட வேலை கிடைத்திருக்காது.

சான் பிரான்சிஸ்கோ இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது. அங்கே வெகுகாலம் "நல்லெண்ண முயற்சி" போதும் என்றிருந்தார்கள். முயன்றேன் என்று காகிதத்தில் காட்டினால் சரி. 50 விழுக்காடு இலக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 2010இல் சட்டத்தை மாற்றி, 20 விழுக்காட்டில் தொடங்கிக் கட்டாயமாக்கினார்கள். எனக்குப் பிடித்தது அந்த எண்ணல்ல. தலைகளை எண்ணாமல் வேலை நேரத்தை எண்ணியதும், அதையும் தொழில்வாரியாக எண்ணியதும்தான். மொத்தமாக எண்ணினால் போக்குவரத்துக் கொடி பிடிக்கவும் குப்பை அள்ளவும் உள்ளூர்க்காரர், கிரேன் ஓட்டவும் வெல்டிங்குக்கும் வெளியூர்க்காரர் என்று ஆகிவிடும்.

உள்ளூர்க்காரருக்கு வேலை ஒதுக்கினால் சட்டச் சிக்கல் என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. நியூ ஜெர்சியின் கேம்டன் நகரம் தன் பணிகளில் 40 விழுக்காடு உள்ளூர்க்காரர் வேண்டும் என்று கேட்டபோது, பிற மாநிலத்தாரின் உரிமையைப் பாதிக்கும் அந்த விதிக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சியாட்டில் 2015இல் வேறு வழியில் போனது: 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நகரப் பணிகளில், வறுமை மிகுந்த ஜிப் கோடுகளில் (அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில்) வாழ்பவர்களுக்கு முன்னுரிமை. முகவரியைவிட வறுமையைக் காரணமாகச் சொல்வது நேர்மையானதும்கூட.

சங்கத் தோழர்களே, பட்டியலில் காத்திருக்கும் உறுப்பினரின் முறையைப் புதியவர் பறித்துவிடுவாரோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வருடத்தில் சில நாள் மட்டும் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது அதற்கு மருந்தில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழகுநரை எடுக்கும் கான்ட்ராக்டர், நகரப் பணி முடிந்தாலும் தன் மற்ற சைட்டுகளில் அவரைத் தொடர வைக்கட்டும். வேலை இல்லையென்றால் இன்னொரு கான்ட்ராக்டரிடம் சேர்த்துவிடுவது சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும். தொழில்வாரியாக, பயிற்சி ஆண்டுவாரியாக, மாதந்தோறும் மணிக்கணக்கை வெளியிடுங்கள். எத்தனை பேர் பயிற்சியை முடித்தார்கள் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். அப்புறம், காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும் சைட்டுக்கு எந்த பஸ் போகிறது என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார் ஒருவர்