கண்ணாடியில் ஒட்டிய படம்

கொடைக்கானல்
செவ்வாய் இரவு, நல்ல மழை

மாப்ளே,

அப்பா படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து பிய்த்துப் பார்க்காதே. போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துவிட்டால், இழுக்கிற இழுப்பில் தாள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று வந்துவிடும். முதலில் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் எடுத்து வை.

தப்பு என்னுடையதுதான். 1986-ல் அதற்குச் சட்டம் போட்டது நான்தானே? மவுண்ட் அட்டை என்பது அழகுக்கு வைக்கிற கரை என்று அப்போது நினைத்திருந்தேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை கனத்துக்குக் காற்று நிற்க வேண்டும், அதற்குத்தான் அது. உன் குன்னூர் வீட்டுச் சுவர் இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஸ்டூடியோவை மூடிய பிறகு மரவேலை பழகுகிறேன். பக்கத்துத் தெரு ஆசாரிதான் குரு. படச்சட்டம் சின்ன வேலை என்று நினைக்காதே. நாலு மூலைக்கு எட்டு வெட்டு, எல்லாம் 45 டிகிரி. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் போதும், கடைசி மூலை 4 டிகிரி வாயைப் பிளந்து நிற்கும். என் முதல் சட்டம் அப்படித்தான் நின்றது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். ஆசாரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

அப்புறம் ஜன்னல் கதவு. பங்குனி வெயிலில் நிலைக்குள் கச்சிதமாக உட்கார வைத்துவிட்டு ஊரெல்லாம் காட்டினேன். ஐப்பசி மழையில் திறக்க முடியவில்லை. மரம் நீளவாக்கில் அனேகமாக அசையாது, அகலவாக்கில்தான் ஈரம் குடித்து ஊதும். "நிலைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு ரூபாக் காசு போகணும் சார்" என்றார் ஆசாரி. முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

இப்போது தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிற ஒருவருக்குத் தேன் பெட்டிச் சட்டங்கள் செய்கிறேன். இதிலும் அதே கதை. சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி அதிகமானால் தேனீ அந்த இடத்திலும் அடை கட்டிவிடும். குறைந்தால் அதனால் நடமாட முடியாது. லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்தக் கணக்கைப் பிடித்து 1852-ல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். அவருடைய தேனீக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை அளவு. நம் தேனீ உருவத்தில் சிறியது, அதற்கு இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஃபிலிமில்கூட ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் வெற்றிடம் உண்டே. நம் பழைய கேமராவில் சுற்றும்போது பல் வழுக்கி அந்த 2 மில்லிமீட்டர் போனது ஞாபகமிருக்கிறதா? மணமகன் தலையில் வாழைத்தார் முளைத்த கல்யாண ஆல்பம்! மிச்சப் பணத்தை நான் கேட்கவே போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா படத்தின் நெகட்டிவைத் தேடி எடுத்துவிட்டேன். நீ ஊட்டியிலிருந்து வாங்கி வந்த 'இந்து' மார்க் ஃபிலிம், கறுப்பு வெள்ளை. ஓரத்தில் ஒரு துளி பூஞ்சை, மற்றபடி சுத்தம். விளக்கில் பிடித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நெகட்டிவ் பிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். நான் பிரிண்ட் போட்டது 10-க்கு 8 அங்குலத் தாளில். அந்தக் கணக்கில் நீளத்தில் 2 அங்குலம் வெளியே போயிருக்கிறது. அப்பாவை நடுவில் வைக்க இடது பக்கத்தை வெட்டியிருக்கிறேன்.

அந்த இடது ஓரத்தில் கோக்கர்ஸ் வாக் நடைபாதைக் கம்பியை ஒட்டி ஒரு சேலை முந்தானை, ஒரு டிபன் கேரியர், பாதி முழங்கை. போட்டோவுக்கு வர மாட்டேன் என்று அம்மா அன்றைக்கு ஒதுங்கி நின்றார்களே, அந்த இடம்.

இந்தத் தடவை 12-க்கு 8 போட்டால் முழுசும் வந்துவிடும். சில்வர் ஓக் சட்டம், மவுண்ட் அட்டையோடு. அம்மாவிடம் கேட்டு எழுது, சேர்த்துப் போடட்டுமா?

உன்,
ஸ்டூடியோக்காரன்