செட் அடித்தும் 35 சிப்ஸ்தானா? செந்தூல் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போக்கர் கையைப் பார்த்தேன். பட்டனில், அதாவது கடைசியாக ஆடும் இடத்தில், உனக்கு ஜோடி ஏழு. 6க்கு ரெய்ஸ் போட்டாய் (பந்தயத்தை ஏற்றினாய்), பிக் ப்ளைண்டில் (கட்டாயமாக முன்கூட்டிப் போடும் இரண்டு பந்தயங்களில் பெரியது) இருந்தவர் மட்டும் கால் (அதே அளவு போட்டுத் தொடர்ந்தார்). ப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று அட்டையில், கிங், ஏழு, இரண்டு, மூன்றும் வேறு வேறு சூட். ஆக உனக்கு மூன்று ஏழு, அதுதான் செட். டர்னில் (நாலாவது அட்டை) நான்கு, ரிவரில் (ஐந்தாவது, கடைசி அட்டை) ஒன்பது. நீ 5, 10, 20 என்று போட்டுக்கொண்டே போனாய். அவர் மூன்றுக்கும் கால் போட்டுவிட்டு, கடைசியில் கிங்-குயினைக் காட்டினார். "நல்லா ஆடினேனா அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய்.

பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) உன் பக்கம் வந்தது, சரி. ஆனால் அவரிடமிருந்து ப்ளாப்புக்குப் பிறகு நீ வாங்கியது 35. அவர் முன்னால் இன்னும் நூற்றைம்பதுக்கு மேல் அடுக்கி வைத்திருந்திருப்பார்.

(சிப்ஸ் எண்ணிக்கையில்தான் பேசப்போகிறேன். வெள்ளி (ரிங்கிட்) என்று ஆரம்பித்தால் 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் கூடவே வந்து உட்காரும். மலேசியாவில் உரிமம் உள்ள கேசினோ கெந்திங்கில் மட்டும்தான், செந்தூல் வீட்டு ஹாலில் இல்லை.)

ப்ளைண்ட் 1/2, ஆளுக்கு 200 என்று வைத்துக்கொள். ப்ளாப் விழும்போது பாட்டில் 13 (உன் 6, அவர் 6, சின்ன ப்ளைண்டின் 1), ஆளுக்கு மீதி 194. பாதி பாட் போட்டு எதிராளி கால் போட்டால் பாட் இரண்டு மடங்காகும். முழு பாட் போட்டால் மூன்று மடங்கு. மூன்று சுற்றும் இப்படியே போனால் பாதி பாட் 8 மடங்கில் நிற்கும், முழு பாட் 27 மடங்குக்குப் போய்விடும். எண்ணாகப் பார்: ஆறரை, 13, 26 போட்டால் அவரிடமிருந்து வருவது 45 சொச்சம். 13, 39, 117 போட்டால் 169. அளவை இரட்டிப்பாக்கினால் வரவு கிட்டத்தட்ட நாலு மடங்கு. ப்ளாப்பில் சுருக்கிய கை ரிவரில் ஏன் ஏழையாகிறது என்று இப்போது தெரிகிறதா? உன் ரிவர் பெட் 20 என்பது ரிவரில் எடுத்த முடிவே இல்லை. 43 இருந்த பாட்டில் அதற்கு மேல் போட உனக்கே கூச்சமாக இருந்திருக்கும். அதை ப்ளாப்பில் 5 போட்டபோதே முடிவு செய்துவிட்டாய்.

அதனால் பெரிய கை விழுந்ததும் கணக்கைப் பின்னாலிருந்து போடு. முதலில் எதிராளியின் ஸ்டாக்கை (அவர் முன்னால் உள்ள சிப்ஸை) பார். அது முழுசும் ரிவருக்குள் உள்ளே வர, ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் எத்தனை பங்கு போடவேண்டும்? 13 பாட்டுக்கு 194 ஸ்டாக் என்றால் முழு பாட்டைவிடக் கொஞ்சம் கூடவே போட்டுவர வேண்டும். ப்ளாப்புக்கு முன்பே அவர் 20க்கு ரீ-ரெய்ஸ் போட்டு நீ கால் போட்டிருந்தால் பாட் 41, மீதி 180. அப்போது பாதிக்குக் கொஞ்சம் மேல், 24, 50, 106 போட்டாலே கடைசி சிப் வரை உள்ளே போய்விடும். நம் மேசைகளில் அடிக்கடி நடப்பதுபோல உன் 6க்கு நாலு பேர் கால் என்றால் பாட் முப்பது பக்கம். அதில் முக்கால் பாட்டே தாராளம்.

"பெரிசா போட்டா ஓடிடுவாங்களே" என்பாய். யார் ஓடுவார்? கிங்-குயின் வைத்திருப்பவர் இந்த ப்ளாப்பில் 5க்கு உட்காருவார், 10க்கும் உட்காருவார். ஜோடி மூன்று வைத்திருப்பவர் 10க்கு ஓடுவார், ஆனால் அவர் 5க்கு உட்கார்ந்தாலும் டர்னில் ஓடத்தான் போகிறார். உனக்குச் சோறு போடுவது கிங் வைத்திருப்பவர், அவருக்குத் தக்கபடி விலை வை. ரிவரில் பாட் 100 என்றால், 50க்குப் பத்தில் ஆறு தடவை கால் வந்தால் சராசரி 30. 100க்குப் பத்தில் நாலு தடவை வந்தாலே 40. கால் குறைந்தும் வரவு கூடுகிறது, பார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. அதே ப்ளாப்பில் உன் கையில் ஜோடி ஏழுக்குப் பதில் ஜோடி கிங் என்று வை. கை இன்னும் பலம். ஆனால் சீட்டுக்கட்டில் மிச்சம் ஒரே ஒரு கிங். கிங்-குயின் அவரிடம் இருக்க 4 வழிதான். உன்னிடம் ஏழு இருந்தபோது மூன்று கிங், நாலு குயின், ஆக 12 வழி. பணம் தரக்கூடிய ஆளை நீயே கையில் பிடித்து வைத்திருக்கும்போது சின்னதாகப் போடுவதும், ஒரு சுற்று செக் (பந்தயம் போடாமல்) விடுவதும் நியாயம். ஏழு செட்டில் அந்தச் சலுகை கிடையாது, மிதி.

ஒன்பது, எட்டு, ஆறு, அதில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்) என்று, எதிராளிக்குக் கை சேர வழி நிறைந்த ஈரமான ப்ளாப் வந்து நீ எட்டு செட் அடித்தால் இன்னும் அவசரம். பிளஷ் ட்ராவுக்கு (ஒரே சூட்டில் ஐந்து சேர இன்னும் ஒன்று தேவைப்படுபவருக்கு) அடுத்த அட்டையில் அடிக்கும் வாய்ப்பு 47இல் 9, அதாவது 19 சதவீதம். பாட்டில் நாலில் ஒரு பங்கு மட்டும் போட்டால், நஷ்டமில்லாமல் தொடர அவருக்குத் தேவையான வாய்ப்பு 17 சதவீதம்கூட இல்லை. லாபத்தில் துரத்த நீயே விலை வெட்டிக் கொடுக்கிறாய். முக்கால் பாட் என்றால் தேவை 30. இன்னொன்று, டர்னில் ஒரு ஆட்டினோ ஏழோ விழுந்து, யாருக்காவது பிளஷோ வரிசையோ அமைந்துவிட்டதோ என்ற பயம் வந்தால், அதுவரை சந்தோஷமாகக் கால் போட்டவரும் நின்றுவிடுவார். அவருக்கு மனசு இருக்கும்போதே வாங்கிக்கொள்.

இதெல்லாம் செட், இரண்டு ஜோடி போன்ற கைகளுக்கு. வெறும் ஏஸ்-கிங்கில் ஒரு ஜோடி அடித்துவிட்டு 200 ஸ்டாக்கை மூன்று சுற்றும் முழு பாட்டாகத் தள்ளாதே. கடைசி அடிக்குக் கால் வரும்போது பெரும்பாலும் நீதான் தோற்றிருப்பாய்.

எப்போதும் அதே ஆட்களோடுதான் ஆடுகிறாய், அதனால் ஒன்று. பலமானால் பெரிசு, இல்லாவிட்டால் சின்னது என்று போட்டால் இரண்டாவது வாரத்திலேயே படித்துவிடுவார்கள். ரிவரில் முழு பாட் போடும்போது, இரண்டு பலமான கைக்கு ஒரு பிளஃப் (வெறுங்கைப் பந்தயம்) அதே அளவில் கலந்து வை. சிப்ஸை அடுக்கித் தள்ளும் விதமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்த கை அனுப்பும்போது எதிராளி முன்னால் எவ்வளவு இருந்தது என்று கட்டாயம் எழுது. நீ எழுதவில்லை, 200 என்று நானே வைத்துக்கொண்டேன். அவர் 60ஓடு உட்கார்ந்திருந்தார் என்றால் ப்ளாப்புக்குப் பிறகு மீதி 54. 7, 15, 32 போட்டாலே எல்லாம் உள்ளே. அப்படியானால் உன் 5, 10, 20ஐ இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம், கொஞ்சம் கஞ்சம், அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணன்