அப்பா பெயரில் ஒரு தபால்பெட்டி

அன்புள்ள தபால்கார அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்கள் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது, சைக்கிளை மட்டும் இன்னும் விற்கவில்லை என்று அம்மா சொன்னாள். நான் ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊர்த் தபால் சங்கதிகளை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பத்துக் குடித்தனம் உள்ள கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். வீடுகளுக்குத் தனித்தனி எண் கிடையாது. தெருப் பெயர், கட்டிட எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, முகவரி அவ்வளவுதான். (நம் பின்கோடு 1972இல் வந்தது. இவர்களுடைய ஐந்து இலக்கம் 1993இல்தான் வந்தது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது ஒரே எண் கிழக்கில் ஓர் ஊருக்கும் மேற்கில் ஓர் ஊருக்கும் இருந்து தொல்லை கொடுத்திருக்கிறது.) உள்ளே யாருடைய கடிதம் எந்தப் பெட்டிக்கு என்பதைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. வந்த புதிதில் விவரம் தெரியாமல் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டேன். வங்கி அட்டை வரும் வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். கடைசியில் வங்கிக்கே போய்க் கேட்டால், அப்படி ஒருவர் அந்த முகவரியில் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்த உறையைக் காட்டினார்கள். உறையில் இருந்தது அப்பாவின் பெயர். தபால்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அன்று மாலையே அப்பாவின் பெயரை எழுதி ஒட்டினேன். ஆங்கிலத்தில் எழுதினால் பதினாறு எழுத்து; அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் இடமோ சுண்டுவிரல் நீளம். எறும்பு ஊர்ந்தது போல எழுத வேண்டியதாயிற்று.

அதிலிருந்து மஞ்சள் சைக்கிளில் வரும் தபால்கார அம்மாள் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார், முன்னால் நம் ‘திரு’ போல ஒரு ‘ஹெர்’ சேர்த்து. நம் ஊரில் அப்பாவை யார் பெயர் சொன்னார்கள், அண்ணாச்சி? உங்களுக்கே அது ‘வாத்தியார் வீடு’. ‘வாத்தியார் வீட்டுக்கு எதிரே’ என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தைக்கூடச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நீங்கள். ஊர் வாயில் நுழையாத அந்தப் பெயர் இங்கே படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், “எனக்கு இந்த வாரம் தபால் உண்டா?” என்று கேட்கிறார்.

உண்டு, நிறையவே உண்டு. வங்கி அட்டை ஓர் உறையில், அதன் ரகசிய எண் இரண்டு நாள் கழித்து இன்னோர் உறையில். வரி எண், காப்பீடு, தொலைக்காட்சியே இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம், எல்லாம் கடிதம்தான். விளம்பரம் மட்டும் வராது. ‘விளம்பரம் வேண்டாம்’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும், மதித்து நடக்கிறார்கள்.

நாம் இல்லாத நேரத்தில் பார்சல் வந்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் கட்டிடத்தில் பெரும்பாலும் தரைத்தள வீட்டுப் பாட்டிதான். அவர் வீட்டு நடையைப் பார்த்தால் கிளை அஞ்சலகம் போலவே இருக்கும். கையெழுத்துத்தான் வாங்குவதில்லை.

அம்மா அனுப்பிய காபித் தூளுக்கு மட்டும் பாட்டியின் உதவி எடுபடவில்லை. இங்கே காபிக்கென்றே தனி வரி இருக்கிறது, வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தால் அரைக் கிலோ வரை விட்டுவிடுவார்கள். அம்மா அனுப்பியது ஒரு கிலோ. சுங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதிகாரி கத்தியை என் கையில் கொடுத்து, பெட்டியை நானே பிரிக்கும்வரை நின்றார். சிக்கரி கலந்தது என்றதும் எவ்வளவு என்று கேட்டார். காபியின் பங்கைப் பொறுத்து வரி மாறுமாம். எண்பதுக்கு இருபது என்றேன். அதை நம் காபிக் கடைக்காரர் கேட்பது போலவே கேட்டு, அவ்வளவு கவனமாக எழுதிக்கொண்டார். அறை முழுக்கக் கும்பகோணம் வாசனை.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காது. தபால்தலை வாங்க வேண்டாம். கைபேசியில் பணம் கட்டினால் ஒரு குறியீடு வரும், அதைத் தலை ஒட்டும் இடத்தில் பேனாவால் எழுதினால் போதும். இந்தக் கடிதத்துக்கு நான் கடைக்குப் போய்த் தலையே வாங்கி ஒட்டியிருக்கிறேன். பேரனிடம் கொடுங்கள்.

பதில் எழுதினால் உறையில் அப்பாவின் பெயரையும் எழுதுங்கள். என் பெயர் மட்டும் இருந்தால் கடிதம் உங்கள் வாசலுக்கே திரும்பி வந்துவிடும்.

அன்புடன்,
வாத்தியார் வீட்டுச் சின்னவன்