பொருளுக்கு வரிசை இருக்கட்டும், ஜெபத்துக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழை மக்கள் வாழும் குடியிருப்புகளில் நடக்கும் கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஒருவர் ஆத்தும ஆதாயம், அதாவது ஆத்துமாக்களை இயேசுவிடம் சேர்ப்பது என்பார், இன்னொருவர் ஆசை காட்டி மதம் மாற்றும் வேலை என்பார். குழு ஒன்று சந்துக்குள் நுழைந்து திரும்பும் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று யாரும் எழுதக் காணோம். தெரு ஊழியத்தில் இருக்கும் நாங்கள் சக ஊழியர்களை முன்னிட்டே இதை எழுதுகிறோம்.

நாங்கள் வலியுறுத்துவது ஒன்றைத்தான். பொருள் கொடுக்கும் நாளும் ஜெபிக்கப் போகும் நாளும் வேறு வேறாக இருக்க வேண்டும். கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டால், வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும் ஒருவர் எப்படி வேண்டாம் என்பார்? அவர் தலை குனிந்தது விசுவாசத்தாலா பசியாலா என்று ஜெபித்தவருக்கே தெரியாது. உலக கிறிஸ்தவ சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் 2011இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் ஊழியத்துக்கு இடமே இல்லை என்கிறது. பணமோ பரிசோ காட்டி இழுப்பதையும் அது மறுக்கிறது. மூன்று பெரும் மரபினரும் கூடி எடுத்த முடிவு அது. அதைப் படித்துக் காட்டாமல் எந்தக் குழுவையும் தெருவுக்கு அனுப்பக் கூடாது.

விநியோக நாளில் பிரசங்கமும் கைப்பிரதியும் வேண்டாம். முந்தின நாளே வீடுகளை எண்ணி, வீட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிட வேண்டும். 120 வீடு என்றால் 130 பொட்டலமாவது இருக்கட்டும். எண்ணிக்கையில் விட்டுப்போன வீடு எப்போதும் இருக்கும். பொட்டலம் குறைந்தால் வண்டியைத் திறக்கவே கூடாது. தீர்ந்துபோகும் என்ற பயம் வரிசையில் பரவிய நிமிடமே தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். கீழே விழுவது முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஆறிவிட்டால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ஆரம்ப ஜெபத்தை நீட்டி முழக்கி உணவைக் கெடவிடுவது பக்தியில் சேராது.

இனி ஜெபம். இருவர் இருவராகப் போவதற்கு, இயேசு சீடர்களை அப்படி அனுப்பியதைச் சொல்லும் மாற்கு 6:7 போதும். எட்டுப் பேர் ஒரு வாசலை வளைத்து நின்றால் உள்ளே இருப்பவருக்கு அது முற்றுகை. ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகப் போவது நல்லது. நிலைப்படியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள், அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். பெயரையும் சபையையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கண் தெரியாத பர்திமேயுவிடம்கூட, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டார். பார்த்தாலே தெரியும் குறையையே அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால், நமக்குக் கேட்காமல் ஜெபிக்க என்ன உரிமை? ஐந்து நிமிடம் கேளுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் ஜெபியுங்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கைவைத்து ஜெபிக்க வேண்டுமானால் தனியாக அனுமதி கேளுங்கள். பெண்கள் மேல் பெண்களே கைவைக்கட்டும். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பிள்ளைகளோடு ஜெபிக்க உட்காரக் கூடாது.

அதிகம் கெடுப்பது குரல்தான். ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்து, கணவருக்குத் தெரியாமல் வாங்கிய வட்டிக் கடனைப் பற்றி முந்தானையால் வாயை மறைத்தபடி சொல்கிறார். ஊழியர் கண்ணை மூடியதும் கூட்டத்தில் ஜெபிக்கும் பழக்கத்தில் குரல் ஏறிவிடுகிறது: "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கடன் பாரத்தை மாற்றும்!" சுவர் வெறும் தகரம். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோகிறது. ஆமென் சொல்வதற்குள் அந்த ரகசியம் தெரு முழுக்கப் போய்விடும், இரவு அடி வாங்கப் போவது அவர். கடன், கர்ப்பம், குடி, எச்ஐவி ஆகியவற்றைச் சத்தமாகச் சொல்லாமல் "இவர் இப்போது சொன்ன காரியம்" என்று ஜெபித்தால் போதும். கர்த்தருக்குக் காது கேட்கும்.

குறிப்பேட்டிலும் அப்படித்தான். முதலெழுத்து, வீட்டு அடையாளம், ஒரு வரி விண்ணப்பம், அவ்வளவே. சபையின் ஜெப வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்ட விண்ணப்பம் ஒரு மணி நேரத்தில் வேறு பத்துக் குழுவுக்குப் போகும். ஜெபிக்கும்போது படம் எடுப்பதை முற்றிலும் நிறுத்துங்கள்.

வியாதிக்காக ஜெபிப்பதில் ஆபத்து இன்னும் பெரியது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் குறைந்துவிடும், உடம்பு தேறிவிடும், ஜெபத்தால் குணமானேன் என்று சபையில் சாட்சி சொல்லும் ஆசை வருவதும் அப்போதுதான். ஆனால் கிருமி முழுவதும் சாகவில்லை. "குணமாகிவிட்டேன்" என்று மாத்திரையை விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறலாம். அதே அறையில் தூங்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இன்சுலினையே நம்பியிருக்கும் நோயாளி அதை விட்டால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஜெபம் முடிந்ததும் "மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால், நிறுத்தச் சொன்னதாகவே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் முன் யாரையும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். யாக்கோபு 5:14இலும் வியாதிப்பட்டவன்தான் மூப்பர்களை வரவழைக்கிறான், மூப்பர்கள் தாங்களாக உள்ளே புகவில்லை.

ஒலிபெருக்கி வேண்டுமா என்று கேட்கிறார்கள். 1739 பிப்ரவரியில் ஆங்கிலப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு இங்கிலாந்தின் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட்டில் சுரங்கத் தொழிலாளர்களிடம் திறந்தவெளியில் பேசினார். ஏப்ரல் 2 அன்று அவருடைய சக பிரசங்கியார் ஜான் வெஸ்லியும் பிரிஸ்டலில் அப்படி ஆரம்பித்தார். 1865இல் வில்லியம் பூத் கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களில் தொடங்கிய பணிதான் 1878இல் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. அவர்களிடம் மின்சார ஒலிபெருக்கி இருக்கவில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறையும். இரண்டு சுவர்களுக்கு நடுவில் குறுகிய சந்தில் அவ்வளவு குறையாது. இரவு வேலை முடித்துத் தூங்குபவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் நோயாளி என யாரும் தப்ப முடியாது. வெறும் குரலில் 20 நிமிடம் பேசினால், கேட்க விரும்பி வந்து நிற்பவர்களுக்கு அது எட்டும்.

மறுபடியும் போகும் நாளைத் தீர்மானிக்காமல் முதல் தடவையே போகாதீர்கள். "அடுத்த வாரம் வருகிறோம்" என்று சொல்லிவிட்டு வராத குழுக்களை இந்த மக்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அதே இருவர், அதே கிழமை, அதே நேரம் என்று போனால் மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் உண்மையான விண்ணப்பம் வெளியே வரும். காணிக்கை அனுப்புவோர் எத்தனை பேர் இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள் என்று கணக்குக் கேட்பதை விட்டு, அடுத்த சந்திப்பு எப்போது என்று குழுவிடம் கேட்கட்டும்.

ஜெபம் வேண்டாம் என்றவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். கைப்பிரதியைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வராதீர்கள். அடுத்த விநியோகத்தின்போது அந்த வீட்டு எண் பட்டியலில் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று, ஜெபிக்கப் போன இருவரைத் தவிர வேறொருவர் சரிபார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தெரு ஊழியர்கள் சிலர்