தீக்காயமும் ரத்த உறைவும்

ஆசிரியருக்கு,

பெரிய தீக்காயத்தில் முதல் நாள் உடல் சில்லிட்டு, ஏற்றும் சலைனால் ரத்தம் நீர்த்து, ரத்தக்கசிவு நிற்காது. அதனால்தான் போர்வையும் சூடாக்கிய சலைனும். சில நாளில் நிலைமை தலைகீழ்: கால் சிரையில் ரத்தம் கட்டி நுரையீரலை அடைக்கும். வீங்கிய கால் கட்டுத்துணிக்குள் மறைந்திருப்பதுதான் கொடுமை.

இதைத் தடுக்கப் போடும் ஊசி எனாக்ஸாபரின் (ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் வகை மருந்து). 40 மி.கி. தினம் ஒருமுறை என்ற வழக்கமான அளவு தீக்காய நோயாளிகளில் பலருக்குப் போதாது. மூன்றாவது ஊசி போட்டு 4 மணி நேரத்தில் ஆன்டி டென்-ஏ (ரத்தத்தில் மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து, அது மி.லி.க்கு 0.2 முதல் 0.4 யூனிட் வரை வரும்படி மருந்தளவைக் கூட்ட வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு, தீக்காயம் பட்ட மூன்றாம் நாள் வாக்கில் குறைவது இயல்பு; ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் பாதியாகச் சரிந்தால் மருந்தையே சந்தேகிக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்பாவது, சென்னையின் எல்லாத் தீக்காய வார்டுகளுக்கும் ஆன்டி டென்-ஏ பரிசோதனை இரவிலும் கிடைக்கட்டும்.

– தீக்காயப் பிரிவு மருத்துவர்கள், சென்னை