அம்மாவோடு நடக்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதிதான் எங்கள் ஊரின் உயிர். என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுத் தெப்பக்குளம் ஓரமாக நிதானமாக நடந்து வந்த காலம் உண்டு. இப்போது நடக்க வேண்டிய ஓரமெல்லாம் பைக். போன வாரம் அம்மாவின் கையைப் பிடித்து நடுரோட்டில்தான் கூட்டிவந்தேன். பின்னால் ஆட்டோ ஹாரன், காலடியில் சாக்கடையின் உடைந்த மூடி.

கடைகள் ஷட்டர் இறக்கியதும் சந்துகள் இருண்டுவிடுகின்றன. ஜவுளிக்கடைப் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார்கள்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் இதுதான்: தரைக்கடைக்காரர்களை விரட்ட வேண்டாம். இரவில் அங்கே ஆள் நடமாட்டம் இருப்பதே அவர்களால்தான். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி இடம் குறித்துக் கொடுங்கள். பைக்குகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். அப்புறம், அந்த மூடியை இந்த வாரமே மாற்றுங்கள்.

வாசகி, திருச்சி-2